மூணாம் பக்கத்துக்கு அப்புறம்

பை உன் காலை இடிக்குதாம்மா? இரு, நகத்திக்கிறேன். கனம் ஒண்ணும் இல்ல. ஒரு தண்ணி பாட்டில், எலுமிச்ச சாதப் பொட்டலம், ஒரு புத்தகம். அவ்வளவுதான். ஒரு காலத்துல இதே பையில பை கொள்ளாம புத்தகத்தைத் திணிச்சுத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன். அதுல போன தோள்பட்டைதான், இன்னும் சரியா வரல.

பாப்பாவை ஜன்னல் பக்கம் உக்கார வை. வெளியில வேடிக்கை காட்டு. ஃபோனைக் குடுக்காதே. குடுத்துட்டியா? சரி, உன் பிள்ளை, உன் இஷ்டம். நான் சொல்லி யாரு கேக்கறாங்க? சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சதுதான் மிச்சம். பிள்ளைகிட்ட பேசும்மா. மாடு போனா மாடு போகுதுன்னு சொல்லு. அதுக்கு எதுவும் புரியாதுன்னு நினைக்காதே. எல்லாம் உள்ள போகுது. இதைச் சொல்றதுக்குத்தான் எனக்கு சம்பளம் குடுத்தாங்க.

நான் எஸ்தர். எஸ்தர் டீச்சர்ன்னுவாங்க. திருவள்ளூர் பக்கம். பால்வாடியில இருந்து ரிட்டையர் ஆனதும் ஒரு டிரஸ்ட்டுல கூப்பிட்டாங்க. செங்கல் சூளையில வேலை செய்யற ஜனங்க இருக்காங்கல்ல, அவங்க பிள்ளைங்களுக்குப் படப் புத்தகம் காட்டணும். பள்ளிக்கூடம் போற வயசுக்கு முன்னாடி, ரெண்டு மூணு நாலு வயசுலயே. அம்மாக்களையும் உக்கார வெச்சு, பிள்ளையை மடியில போட்டுக் கதை சொல்லப் பழக்கணும். அதான் வேலை.

எங்க போறேன்னா கேட்டே? செஞ்சிக்கு. அங்கேருந்து ஏரிக்கோடிப்பட்டுன்னு ஒரு ஊராம். அங்க ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு கழுதைக் கதையோட மீதியைப் படிச்சுக் காட்டணும். அதுக்காகத்தான் விடியக்காலையில கிளம்பி பஸ் மாறி பஸ் ஏறி வரேன். சிரிக்காதே. என் மருமக சிரிச்சதே போதும். "அத்தை, கழுதைக்காக செஞ்சியா?"ன்னா. நான் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். சொன்னா விளங்கப் போகுதா?

நீயே கேளு, கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லு.

பொங்கல் முடிஞ்சதும் சூளைக்கு ஜனம் வந்து இறங்கும். எல்லாம் உங்க பக்கத்து ஆளுங்கதான், செஞ்சி, திருவண்ணாமலை. புருஷன் மண்ணு குழைப்பான், பொண்டாட்டி அச்சுல போட்டுக் கல்லு அறுப்பா. நடுராத்திரியிலயே எழுந்து போயிடுவாங்க. வெயில் ஏறிட்டா மண்ணு காஞ்சுடும், உடம்பும் தாங்காது. ஒம்பது பத்து மணிக்குக் குடிசைக்கு வந்து சோறாக்கி, பிள்ளைக்கு ஊத்திட்டு, சாயங்காலம் மறுபடியும் மண்ணு. குடிசைன்னா என்ன, வேகாத கல்லை அடுக்கி மேல ஒரு தகரம். குனிஞ்சுதான் உள்ள போகணும்.

நான் போறது பதினொரு மணிக்கு. எனக்கு அந்த பஸ்ஸுதான். தகரக் கொட்டகையில பாயை விரிச்சு எல்லாரையும் கூப்பிடுவேன். வருவாங்க, அதுல குறை சொல்ல முடியாது. தலையை வாரி, பிள்ளைக்குப் பவுடர் போட்டு, வந்து உக்காருவாங்க. நான் புத்தகத்தைத் திறப்பேன். அவ்வளவுதான். ஒருத்தி தூணைப் பிடிச்சுட்டுத் தூங்குவா. ஒருத்தி பக்கத்துல இருக்கறவ தோள்ல சாஞ்சுடுவா. பிள்ளைங்க எல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும், அம்மாக்காரிங்க வரிசையாத் தூங்குவாங்க. நான் யாருக்குக் கதை சொல்றது, தூணுக்கா?

"சாயங்காலம் வாங்களேன் டீச்சர், வேலைக்குப் போறதுக்கு மின்ன"ன்னு ஒருத்தி கேட்டா. சாயங்காலம் எப்படிம்மா வரமுடியும்? எனக்கும் வீடு இருக்கு, ஜெபக்கூட்டம் இருக்கு. நாலு எழுத்து வேணும்னா நாமதான் கொஞ்சம் சிரமப்படணும். சொன்னேன், அவங்ககிட்டயே சொன்னேன்.

அப்படி என்னை சாயங்காலம் வரச் சொன்னவதான் அங்காளம். அவ பொண்ணு கனிஷ்கா. பேரைப் பாரு, அம்மா பேரு அங்காளம், பொண்ணு பேரு கனிஷ்கா. புருஷன் ஏழுமலை, வாயில்லாப் பூச்சி. அங்காளத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ஆசை உண்டு. முதல் நாளே என்கிட்ட வந்தா. "எனக்கு எழுத்து தெரியாதே டீச்சர், நான் எப்டி பட்ச்சி காட்றது?"ன்னு கேட்டா. எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். எழுத்து தெரிய வேணாம்மா, படத்தைப் பாரு, உனக்குத் தோணறதைச் சொல்லு, பிள்ளை மடியில இருக்கணும், உன் விரல் படத்துல இருக்கணும், உன் குரல் அது காதுல இருக்கணும். இதுதான் எங்க ட்ரெயினிங்லயே முதல் பாடம்.

ஒரு புத்தகத்தை அவ கையில குடுத்தேன். இதோ, இதேதான், பையில இருக்கறது. காட்டறேன் இரு. பாப்பா வாங்கிப் பாக்கட்டும். குழந்தைன்னா புத்தகத்தைத் தொடணும், கடிக்கணும், கிழிக்கணும். கிழிஞ்சாத்தான் அது படிச்ச புத்தகம். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்... ஏய் ஏய், மெதுவாடி கண்ணு! ஓரத்தை மடக்காதே. குடும்மா, நானே பிடிச்சுக்கறேன்.

கழுதைக் கதை. முதல் பக்கத்துல கழுதை முதுகுல பெரிய பொதியோட கிளம்புது. ரெண்டாம் பக்கத்துல மேட்டுல ஏறுது. மூணாம் பக்கத்துல ஒரு மரத்தடியில நின்னு மூச்சு வாங்குது. அப்புறம் இன்னும் நிறைய இருக்கு. ஆறு வருது, சந்தை வருது, நாய் துரத்துது. பொதிக்குள்ள என்ன இருக்குன்னு கடைசிப் பக்கத்துலதான் தெரியும்.

அங்காளம் நல்லா சொல்லுவா. பொய் சொல்லக்கூடாது, என்னை விட நல்லா சொல்லுவா. "பாத்தியாடி, கய்தை போவுது. பாவம், அத்தினி பாரம். மேட்ல ஏறுது பாரு, காலு வயுக்குது. அதோ, மரத்தாண்ட நின்னுட்ச்சி, அதுக்கு மூச்சு வாங்குது, தோ இப்டி." மூச்சு வாங்கிக் காட்டுவா. காட்டறப்பவே கண்ணு சொருகும். தலை அந்தப் பிள்ளை மேல சாயும். புத்தகம் மடியிலேருந்து நழுவும். போச்சு, தூங்கிட்டா.

தினமும் இதே கதை. ஒரு நாளாவது நாலாம் பக்கம் வரணுமே? வேற புத்தகம் குடுத்துப் பாத்தேன். அதுலயும் மூணாம் பக்கம். காக்கா புத்தகமா இருந்தா காக்கா மூணாம் பக்கத்துல நிக்கும். நானே எழுப்பியிருக்கேன். தட்டி எழுப்பினா, "ஐயோ டீச்சரு, தூங்கிப்பூட்டேனா"ன்னு முந்தானையால வாயைத் துடைச்சுட்டு உக்காருவா. அந்தப் பிள்ளை என்னை முறைக்கும். எனக்கு முறைப்பு! நான் எதுக்கு எழுப்பினேன்? அதுக்காகத்தானே எழுப்பினேன்?

அந்தப் பிள்ளை என்ன பண்ணும் தெரியுமா? அம்மா தலை சாஞ்சதும் புத்தகத்தை மூடும். மூடி ஓரமா வெச்சுட்டு, அம்மா முந்தானையை இழுத்து அவ கண்ணு மேல போடும், வெளிச்சம் படாம. ஈ வந்தா ஓட்டும். அப்புறம் தானும் பக்கத்துல ஒடுங்கிப் படுத்துக்கும். நான் அங்க ஒருத்தி உக்காந்திருக்கேன்னு நினைப்பே இருக்காது. எனக்கு மனசுக்குள்ள பத்திக்கிட்டு வரும். புத்தகத்து மேல இந்தப் பிள்ளைக்கு ஆர்வமே இல்லையேன்னு. ஆனா ஒண்ணு, தினமும் நான் வந்து இறங்கறப்ப சூளை வாசல்ல முதல்ல நிக்கறது அதுதான். பையைப் பிடிச்சு இழுத்து, கழுதைப் புத்தகத்தைத் தேடி எடுத்துட்டு, "எம்மா, வா வா"ன்னு அவளைப் போய் இழுத்துட்டு வரும். ஆர்வம் இல்லாததுக்கு எதுக்கு இந்த ஓட்டம்? அதான் எனக்குப் புரியல.

சித்திரை மாசம் டிரஸ்ட்டுலேருந்து பாக்க வந்தாங்க. கோகுல் சார்னு எங்க மேலதிகாரி, எம் பையனை விடச் சின்னவரு. கூட மெட்ராஸ்லேருந்து ஒரு மேடம், வெள்ளை துப்பட்டா போட்டுக்கிட்டு. இந்த சூளையில அடுத்த வருஷம் வகுப்பு வைக்கலாமா, வேணாமான்னு அன்னிக்குத்தான் முடிவு. நான் முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லி வெச்சேன். யாரும் தூங்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சேன்.

மேடம் நல்ல மாதிரி. பாயில உக்காந்து கனிஷ்காவை மடியில வெச்சுக்கிட்டாங்க. "எனக்கு ஒரு புக் படிச்சுக் காட்டறியா?"ன்னு கேட்டாங்க. கர்த்தாவே, இந்த ஒரு பிள்ளையாவது மானத்தைக் காப்பாத்தட்டும்னு வேண்டிக்கிறேன். அது புத்தகத்தை நேராப் பிடிச்சுது. அட்டையைத் திறந்துது. விரலை வெச்சுது. "பாத்தியாடி, கய்தை போவுது. பாவம், அத்தினி பாரம்." அப்படியே அங்காளம் குரல்! மேடம் முகம் மலர்ந்துபோச்சு. கோகுல் சார் ஃபோன்ல படம் பிடிக்கறாரு. மேட்டுல ஏறிச்சு, கால் வழுக்கிச்சு, மரத்தடிக்கு வந்துது, மூச்சு வாங்கிச்சு.

டப்புன்னு புத்தகத்தை மூடிடுச்சு.

மூடிட்டு, மேடத்தோட துப்பட்டாவை இழுத்து அவங்க கண்ணு மேல போட்டுச்சு. போட்டுட்டு, கன்னத்துல தட்டிக் குடுக்குது, "தூங்கு, தூங்கு"ன்னு. நான் பதறிப் போய், "கனி, அடுத்த பக்கம் திருப்பு கண்ணு"ன்னேன். அது என்னைப் பாத்து வாயில விரலை வெச்சு "உஸ்ஸ்"ங்குது. கோகுல் சார் சிரிச்சுட்டே கேட்டாரு, "பாப்பா, அடுத்த பக்கத்துல என்ன இருக்கு?" அது சொல்லுச்சு, "அடுத்த பக்கம் இல்ல. அம்மா தூங்கும்."

எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் துப்பட்டாவுக்குள்ளேருந்து சிரிச்சாங்க. அங்காளம் கொட்டகை வாசல்ல நின்னுட்டிருந்தா, கை காலெல்லாம் சேறு. அவ மட்டும் சிரிக்கல. திரும்பிப் போயிட்டா.

கோகுல் சார் அன்னிக்கே என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இவ்வளவு நாள் ஆகி ஒரு பிள்ளைக்குப் புத்தகத்துல நாலாம் பக்கம் இருக்குன்னே தெரியலையே டீச்சர். இந்த சூளை வேணாம், விட்டுடலாம்"ன்னாரு. இந்த சீசனோட விட்டாச்சு. அடுத்த வருஷத்துலேருந்து என்னையும் வேற இடத்துக்கு மாத்தியாச்சு. நான் அழுதேன்மா. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன? சூளைக்குப் பின்னாடி பம்பு செட்டுகிட்ட நின்னு அழுதேன். யாரோ தூங்கினதுக்கு என் உழைப்பு போச்சேன்னு.

மறுநாள் போறேன், அங்காளம் உக்கார மாட்டேங்கறா. மூஞ்சியில தண்ணி அடிச்சுட்டு வந்து, தூணுகிட்ட நிக்கறா. "இனிமே நின்னுகினே சொல்றேன் டீச்சர். உக்காந்தாத்தானே தூக்கம் வருது"ன்னா. பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு, ஒரு கையில புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு, நின்னுட்டே கதை. கால் ரெண்டும் நடுங்குது, நான் பாத்தேன். ஆனா எனக்கு சந்தோஷம். இதுதானே வேணும்னேன். கழுதை கிளம்பிச்சு, மேடு ஏறிச்சு, மரத்தடி. அவ நாலாம் பக்கத்தைத் திருப்பினா. வாழ்க்கையில முதல் தடவை!

அந்தப் பிள்ளை வீல்னு கத்துச்சு பாரு. புத்தகத்தைப் பிடுங்கி மூடுது. அவ திறக்கறா, அது மூடுது. "வேணாம்மா, வேணாம், உக்காரு"ன்னு அவ தாவாக்கட்டையைப் பிடிச்சு இழுக்குது. ரெண்டு கையாலயும் அவ கண்ணைப் பொத்துது. "தூங்கும்மா, தூங்கு." அங்காளம் அப்படியே தூணோட சரிஞ்சு உக்காந்து, பிள்ளையைக் கட்டிக்கிட்டு அழுதா. அழுதுட்டே தூங்கிட்டா. என்ன பிடிவாதம் பாரு அந்தப் பிள்ளைக்கு! இப்பவே இப்படின்னா பள்ளிக்கூடத்துல போய் என்ன பண்ணும்?

அன்னிக்கு மட்டும் நான் அவளை எழுப்பல. எனக்கும் அசதி. கத்தி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்.

வைகாசியில ஒரு மழை. அறுத்துக் காயப் போட்ட பச்சைக் கல்லெல்லாம் கரைஞ்சு சேறாப்போச்சு. சீசன் முடிஞ்சுது, ஜனத்தை லாரியில ஏத்தறாங்க. நான் டிரஸ்ட் புத்தகத்தையெல்லாம் திருப்பி வாங்கிட்டு வரப் போனேன். ரூல்ஸ் அப்படி. பிள்ளைங்க எல்லாம் குடுத்துடுச்சுங்க. கனிஷ்கா மட்டும் கழுதையைத் தாடைக்குக் கீழ இடுக்கிக்கிட்டு நிக்குது. அங்காளமே அதை எடுத்து, முந்தானையால தொடைச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டு என்கிட்ட நீட்டினா. "டீச்சர் புக்குடி. குடுத்துடணும்"னு பிள்ளைகிட்ட சொன்னா. அது அழல. அழுதிருந்தா எனக்குத் தேவலை.

லாரியில ஏறிட்டா. மழையில வேலை இல்லாம நாலு நாள் தூங்கியிருப்பா போல, முகம் தெளிஞ்சு, வேற யாரோ மாதிரி இருந்தா. மேலேருந்து குனிஞ்சு கேக்கறா, "டீச்சரு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்கக் கூடாது. அந்தக் கய்தை முதுவுல இருந்த பொதியை யாராச்சும் எறக்குனாங்களா?"

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனா எங்க ட்ரெயினிங்ல முடிவை வாயால சொல்லக்கூடாது, பிள்ளையே பக்கத்தைத் திருப்பித் தெரிஞ்சுக்கணும். அதனால, "அடுத்த சீசன்ல நீயும் பிள்ளையும் சேந்து பாருங்க"ன்னேன். அவகிட்ட எப்படிச் சொல்றது, அடுத்த சீசன்ல நான் வரமாட்டேன்னு? லாரி கிளம்பிடுச்சு. அவ தலையை ஆட்டிட்டே போறா, சரி டீச்சர், சரி டீச்சர்னு. அந்தப் பிள்ளை அவ மடியில, என்னைப் பாக்கவே இல்ல.

அன்னிலேருந்து எனக்கு சரியா உறக்கம் இல்லம்மா. கண்ணை மூடினா அந்தக் கழுதை பொதியோட மரத்தடியில நிக்குது. என்னால தாங்க முடியல. பிள்ளை பாவமில்லையா? ஒரு புத்தகத்துக்கு முடிவு உண்டுன்னு தெரியாம வளரலாமா? அதைத் திருத்தத்தான் போறேன், வேற ஒண்ணும் இல்ல. சூளை மேஸ்திரிகிட்ட ஊர் பேரு கேட்டு வாங்கினேன். படிச்சுக் காட்டிட்டு புத்தகத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுவேன். டிரஸ்ட் சொத்து. வாங்கிட்டுத்தான் வருவேன். பாப்போம்.

முடிவா? உனக்குச் சொல்றதுல தப்பில்ல, நீ பெரியவ. கடைசிப் பக்கத்துல பொதியை எறக்கிப் பிரிச்சா, உள்ள பாயும் தலகாணியும் இருக்கும். கழுதை அதை விரிச்சுப் போட்டுப் படுத்துத் தூங்கிடும். அவ்வளவுதான் கதை.

ஏன் அப்படிப் பாக்கறே? என்ன சிரிப்பு? இல்லம்மா, அது வேற, இது வேற. கழுதை ஒழுங்கா எல்லாப் பக்கத்தையும் தாண்டி வந்துல்ல தூங்குது. இவ மூணாம் பக்கத்துலயே...

சரி விடு. உனக்கே காட்டறேன், பாப்பாவும் பாக்கட்டும். வாடி கண்ணு, என் மடிக்கு வா. ஃபோனை அம்மாகிட்ட குடு. இதோ, கழுதை போகுது. பாவம், எவ்வளவு பாரம் பாரு. மேட்டுல ஏறுது. என்ன காத்து இந்த ஜன்னல்ல, சுகமா இருக்கு. இதோ, மரத்தடி வந்துடுச்சு. நின்னுட்டுது. மூச்சு வாங்குது, இப்படி, இப்படி...

அம்மா, செஞ்சி வந்தா எழுப்பிவிடுறியா? கொஞ்சம் கண்ணு அசந்துக்கறேன்.

பாப்பா புத்தகத்தை மூடறாளா? மூடட்டும். விடு.